சக்ராசனம் போடும் முன் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு வாழ்க்கை: யார் இந்த கிருஷ்ணமாச்சார்யா?

போனைத் திறந்தாலே யாராவது ஒருவர் முதுகை வில்லாக வளைத்து நிற்கும் வீடியோ வந்து விழுகிறது. கையும் காலும் தரையில், வயிறு கூரையைப் பார்த்தபடி. நம்ம ஊரில் இதைச் சக்ராசனம் என்போம். யோகா ஸ்டூடியோவில் கேட்டால் ஊர்த்துவ தனுராசனம் என்பார்கள். பார்க்க அவ்வளவு ஈசியாக இருக்கும். வீட்டில் பாயை விரித்து முயற்சி செய்துவிட்டு, மறுநாள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஆபீஸ் போகிறவர்களும் உண்டு.

இப்படி முதுகைப் பின்னால் வளைக்கும் ஆசனங்களை இன்று உலகம் முழுக்கச் சொல்லித்தரும் முறைகள் பலவற்றின் வேரைத் தேடிப் போனால், ஒரே ஒரு ஆசிரியரிடம் போய் நிற்போம். அவர் திருமலை கிருஷ்ணமாச்சார்யா. மைசூரு அரண்மனையில் பெயர் எடுத்தவர். வாழ்க்கையின் கடைசி 37 வருஷம் வாழ்ந்தது சென்னையில்.

பலருக்கும் தெரியாத சங்கதி ஒன்று இருக்கிறது. மைசூருவில் மாணவர்களை எல்லைவரை வளைக்க வைத்த அதே மனிதர், சென்னையில் ஒவ்வொருவரின் முதுகுக்கும் ஏற்ப ஆசனத்தையே மாற்றிக் கொடுத்தார். ஏன்? அதுதான் இந்தக் கதை.

எங்கே பிறந்தார்?

1888 நவம்பர் 18. கர்நாடகத்தின் சித்ரதுர்கா மாவட்டத்தில் முசுகுந்தபுரம் என்ற கிராமம். வைணவக் குடும்பம். திவ்யப் பிரபந்தத்தைத் தொகுத்த காட்டுமன்னார்கோவில் நாதமுனிகளின் வழி வந்தவர்கள் என்பது குடும்ப நம்பிக்கை. சின்ன வயதிலேயே அப்பா இறந்துவிட, மைசூருவில் உள்ள பரகால மடத்துடன் தொடர்பு ஏற்பட்டது. சம்ஸ்கிருதம், தர்க்கம், வேதாந்தம் என்று படிப்பு நீண்டது. பிறகு காசிக்குப் போய் மேல்படிப்பு.

16 வயதில் நம்ம தென்பாண்டி நாட்டு ஆழ்வார்திருநகரிக்குப் போனார். அங்கே தன்னை மறந்த நிலையில் நாதமுனிகளே யோக ரகசியம் என்ற நூலைத் தனக்கு ஓதியதாகப் பின்னாளில் சொன்னார். நம்புவதும் நம்பாததும் அவரவர் விருப்பம். ஆனால் யோகம் என்றால் அவருக்கு வெறும் உடற்பயிற்சி கிடையாது, குலதனம் மாதிரி என்பது இதில் புரியும்.

அடுத்து வருவது இமயமலை அத்தியாயம். மானசரோவர் ஏரிப் பக்கம் ராமமோகன பிரம்மச்சாரி என்ற குருவிடம் ஏழரை வருஷம் படித்ததாகச் சொன்னார். குருதட்சிணையாகக் கேட்கப்பட்டது பணம் இல்லை: ஊருக்குப் போ, கல்யாணம் செய்துகொள், குடும்பஸ்தனாக இருந்து யோகம் சொல்லிக்கொடு என்பதுதான் குருவின் கட்டளையாம். இந்தக் காலத்துக்கு வெளி ஆதாரம் எதுவும் கிடைக்கவில்லை. நமக்குத் தெரிவதெல்லாம் அவரும் அவர் மாணவர்களும் சொன்னதுதான்.

காபித் தோட்ட வேலையிலிருந்து அரண்மனைக்கு

திரும்பி வந்தவருக்கு யோகம் சோறு போடவில்லை. 1920-களில் யோகா டீச்சர் என்று ஒரு வேலையே கிடையாது. நமகிரியம்மாளைக் கல்யாணம் செய்துகொண்டு, ஹாசன் பக்கம் ஒரு காபித் தோட்டத்தில் மேற்பார்வை வேலை பார்த்தார். மற்ற நேரங்களில் ஊர் ஊராகப் போய் யோகம் பற்றிப் பேசினார், ஆசனம் செய்து காட்டினார்.

1927-ல் ஹாசனில் அப்படி ஒரு செயல்விளக்கத்தைப் பார்த்த 12 வயதுப் பையன் மறுநாளே அவரிடம் மாணவனாகச் சேர்ந்தான். அந்தப் பையன்தான் பட்டாபி ஜோயிஸ். இன்று உலகம் அஷ்டாங்க வின்யாச யோகா என்று சொல்லும் முறையைப் பரப்பியவர்.

அதன்பின் மைசூரு மன்னர் நான்காம் கிருஷ்ணராஜ உடையாரின் ஆதரவு கிடைத்தது. 1933-ல் ஜகன்மோகன அரண்மனையின் ஒரு பகுதியில் யோகசாலை திறக்கப்பட்டது. அப்போது கிருஷ்ணமாச்சார்யாவுக்கு 44 வயது. அடுத்த ஆண்டே கன்னடத்தில் யோக மகரந்தம் என்ற நூலை எழுதினார். 1938-ல் அதன் தமிழ்ப் பதிப்பு மதுரையில் அச்சானது.

யோகசாலையில் என்ன நடந்தது?

வந்த மாணவர்களில் பெரும்பாலோர் சின்னப் பையன்கள், இளைஞர்கள். எலும்பும் தசையும் நன்றாக வளையும் வயது. நிற்பது, குதித்துப் பின்னால் போவது, வளைவது, மறுபடி குதித்து வருவது என்று மூச்சோடு சேர்ந்த ஓட்டமான வரிசைகளை அவர் சொல்லிக்கொடுத்தது இவர்களுக்குத்தான்.

இன்னொரு விஷயமும் உண்டு. யோகம் என்றால் சாமியார் சமாச்சாரம் என்று ஜனங்கள் ஒதுக்கிவைத்திருந்த காலம் அது. அவர்களைத் திரும்பிப் பார்க்க வைக்க வேண்டும். மன்னர் அவரைப் பல ஊர்களுக்கு அனுப்பினார். நாடித்துடிப்பை நிறுத்திக் காட்டுவது, ஓடும் காரைக் கையால் நிறுத்துவது, பல்லால் கனமான பொருளைத் தூக்குவது என்று என்னென்னவோ செய்ததாகச் சொல்வார்கள். கூட்டத்துக்கு முன்னால் மாணவர்கள் கடினமான ஆசனங்களைச் செய்வார்கள். அதில் பின்வளைவு ஆசனங்களுக்குத் தனி மவுசு. பார்த்த உடனே வாயைப் பிளக்க வைப்பவை அவைதானே!

அந்தக் காலத்துப் புகைப்படம் ஒன்று இணையத்தில் ரொம்பப் பிரபலம். ஒரு மாணவர் மண்டியிட்டு, தலை பாதத்தைத் தொடும் அளவுக்குப் பின்னால் வளைந்திருக்கிறார். இதுதான் கபோதாசனம், அதாவது புறா ஆசனம். வளைந்த அந்த உடம்பின் மேல் கிருஷ்ணமாச்சார்யா ஏறி நிற்கிறார். கீழே இருப்பவர் பட்டாபி ஜோயிஸ் என்று சொல்லப்படுகிறது. அந்த ஒரே படத்தில் மைசூரு காலம் முழுக்க அடங்கிவிடுகிறது.

மச்சானுக்குக் கிடைத்த பாடம்

1934-ல் ஒரு நோஞ்சான் பையன் மைசூருவுக்கு வந்து சேர்ந்தான். நமகிரியம்மாளின் தம்பி. மலேரியா, டைபாய்டு, காசநோய் என்று வரிசையாக அடிபட்ட உடம்பு. குனிந்தால் கை முழங்காலுக்குக் கீழே போகாது. இந்த உடம்பை வைத்துக்கொண்டு எங்கே யோகா செய்வது என்று அத்திம்பேரும் முதலில் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. வீட்டு வேலைகள்தான் பையனுக்கு.

ஒரு முக்கியமான செயல்விளக்கம் நெருங்கும்போது நட்சத்திர மாணவர் ஒருவர் திடீரென்று காணாமல் போனார். அவசரத்துக்கு மச்சான் அழைக்கப்பட்டார். குறுகிய நாட்களில் கடினமான ஆசனங்களைப் பழக்கி மேடை ஏற்றினார். பையன் எல்லாரையும் அசத்திவிட்டான். அவன்தான் பி.கே.எஸ். ஐயங்கார்.

ஆனால் அதற்கு ஒரு விலை இருந்தது. முன்தயாரிப்பே இல்லாமல் பெரியவர்கள் முன்னிலையில் அனுமனாசனம் செய்யச் சொன்னதும், மறுக்க முடியாமல் செய்து தொடைத் தசை கிழிந்து நீண்ட நாள் அவதிப்பட்டதும் ஐயங்காரே பின்னாளில் சொன்னவை. குரு சிங்கம் மாதிரி, கண்ணைப் பார்த்துப் பேசவே பயம் என்ற ரீதியில்தான் அவருடைய பழைய மாணவர்கள் பலரின் நினைவுகளும் இருக்கின்றன.

இதே மைசூருவில் வேறொரு முகமும் தெரிந்தது. 1930-களின் கடைசியில் இந்திரா தேவி என்று பிற்காலத்தில் அறியப்பட்ட ஐரோப்பியப் பெண் வந்து யோகம் கற்றுத்தரக் கேட்டார். முதலில் முடியாது என்றார் கிருஷ்ணமாச்சார்யா. மன்னர் சொன்ன பிறகே ஒப்புக்கொண்டார். சேர்த்த பிறகு, பையன்களுக்கான குதிக்கும் வரிசைகளை அவருக்குக் கொடுக்கவில்லை. சாப்பாட்டுக் கட்டுப்பாடு, மூச்சுப் பயிற்சி, மென்மையான ஆசனங்கள் என்று வேறு பாடம். நோயாளிகளாக வந்தவர்களுக்கும் அப்படித்தான். ஆளுக்கேற்ற பயிற்சி என்ற விதை அப்போதே விழுந்திருந்தது.

இந்த ஆசனங்கள் எவ்வளவு பழசு?

ரொம்பப் பேர் கேட்கும் கேள்வி. புஜங்காசனம், தனுராசனம் போல முதுகைப் பின்னால் வளைக்கும் ஆசனங்கள் கேரண்ட சம்ஹிதையிலேயே இருக்கின்றன. அந்த நூல் ஏறக்குறைய 300 ஆண்டுப் பழமை உள்ளது. அதில் உள்ள மொத்த ஆசனங்கள் 32. அதற்கும் முந்தைய ஹடயோக பிரதீபிகையில் 15-தான்.

19-ம் நூற்றாண்டில் மைசூரு அரண்மனையில் உருவான ஸ்ரீதத்துவநிதி என்ற படநூலில் ஆசனங்களின் எண்ணிக்கை 122 ஆகிறது. அவற்றில் கயிறு பிடித்துச் செய்பவையும் உண்டு, மல்லர்களின் உடற்பயிற்சி மாதிரித் தெரிபவையும் உண்டு. இதை ஆராய்ந்த நார்மன் சோமன், மார்க் சிங்கிள்டன் போன்றவர்கள், அரண்மனை உடற்பயிற்சிக்கூட மரபும் அந்தக் கால ஜிம்னாஸ்டிக்ஸும் மைசூரு யோகாவில் கலந்திருக்கின்றன என்று வாதிட்டார்கள். கிருஷ்ணமாச்சார்யாவோ தன் முறைக்கு யோக குருண்டம் என்ற பழைய சுவடிதான் மூலம் என்றார். அந்தச் சுவடியை எறும்பு தின்றுவிட்டதாம். ஒரு பிரதிகூட இன்று இல்லை.

ஆக, இன்று நாம் பார்க்கும் வரிசை பழைய வேர் உள்ளதுதான். ஆனால் அதன் வேகமும் பளபளப்பும் 1930-களில் பையன்களுக்காகவும் மேடைக்காகவும் வடிவம் பெற்றவை. உங்கள் ரீல்ஸில் ஓடுவது இதன் தொடர்ச்சிதான்.

மூன்று மாணவர்கள், மூன்று பின்வளைவு

ஒரே குரு என்றாலும் மாணவர்கள் மூன்று திசையில் போனார்கள்.

* பட்டாபி ஜோயிஸ்: மைசூருவிலேயே தங்கி அந்த ஓட்டமான முறையைக் காப்பாற்றினார். அவருடைய முதல் வரிசையின் முடிவில் ஊர்த்துவ தனுராசனம் வரும். இரண்டாம் வரிசையில் சலபாசனம், தனுராசனம், உஷ்ட்ராசனம் என்று படிப்படியாக ஏறி கபோதாசனத்தில் வந்து நிற்கும்.

* பி.கே.எஸ். ஐயங்கார்: 1937-ல் புனே போனார். சொந்த உடம்பில் பட்ட வலியே அவருக்குப் பாடமானது. நாற்காலி, பெல்ட், கட்டை, கயிறு என்று துணைக்கருவிகள் வைத்து, வளையாத முதுகையும் பத்திரமாக வளைக்க வழி கண்டார். 1966-ல் வெளியான அவருடைய லைட் ஆன் யோகா நூலில் ஒவ்வொரு ஆசனத்துக்கும் 1 முதல் 60 வரை கடினத்துக்கு ஒரு எண் உண்டு. புஜங்காசனத்துக்கு 1, உஷ்ட்ராசனத்துக்கு 3, கபோதாசனத்துக்கு 21. நடுவில் எவ்வளவு படிகள், பாருங்க.

* இந்திரா தேவி: 1947-ல் ஹாலிவுட்டில் யோகா நிலையம் தொடங்கினார். மென்மையான முறையை மேற்குலகில் பரப்பினார்.

அரண்மனைக் கதவு மூடியது

1940-ல் மன்னர் கிருஷ்ணராஜ உடையார் காலமானார். அரண்மனை ஆதரவு கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்தது. சுதந்திரத்துக்குப் பிறகு மன்னராட்சி போய் மக்களாட்சி வந்தது. 1950-ல் யோகசாலை மூடப்பட்டது. கிருஷ்ணமாச்சார்யாவுக்கு அப்போது 60 தாண்டிவிட்டது. பெரிய குடும்பம், கையில் நிலையான வருமானம் இல்லை.

1952-ல் சென்னைக்கு வந்தார். பக்கவாதத்தால் பாதிக்கப்பட்ட பிரபல சட்ட வல்லுநர் ஒருவர் சிகிச்சைக்காக அழைத்ததுதான் காரணம். விவேகானந்தா கல்லூரியிலும் வகுப்பு எடுத்தார். மற்றவர்கள் ரிட்டயர் ஆகும் வயதில் புது ஊரில் புது வாழ்க்கை.

சென்னையில் என்ன மாறியது?

இங்கே முன்னால் நிற்பவர்கள் வளையும் பையன்கள் இல்லை. சர்க்கரை நோய், முதுகுவலி, ஆஸ்துமா, தூக்கமின்மை என்று வந்த நடுத்தர வயதுக்காரர்கள். கூட்டம் இல்லை, கைதட்டல் இல்லை. ஒரு அறை, ஒரு ஆசிரியர், ஒரு மாணவர். நாடி பார்ப்பார். என்ன வேலை, என்ன சாப்பாடு, எப்படித் தூக்கம் என்று கேட்பார். அதற்குப் பிறகுதான் பயிற்சி.

அவருடைய மகன் டி.கே.வி. தேசிகாச்சார் இன்ஜினீயரிங் படித்தவர். அப்பாவின் தொழில் பக்கமே வருவதாக இல்லை. 1960-களின் தொடக்கத்தில் ஒருநாள், வீட்டு வாசலில் ஒரு வெளிநாட்டுப் பெண்மணி காரிலிருந்து இறங்கி ஓடிவந்து, ஆசாரமான தன் அப்பாவை நன்றியோடு கட்டிக்கொண்டதைப் பார்த்து அதிர்ந்துபோனார். பல வருஷமாகத் தூக்கம் வராதவருக்கு முதல்நாள் இரவு மாத்திரை இல்லாமல் தூக்கம் வந்திருந்தது. அந்தச் சம்பவம்தான் தேசிகாச்சாரை அப்பாவின் மாணவராக்கியது. 1976-ல் அவர் சென்னையில் கிருஷ்ணமாச்சார்யா யோக மந்திரத்தைத் தொடங்கினார்.

சென்னை வழியில் பின்வளைவு எப்படி இருக்கும்? சுருக்கமாக இப்படி:

* மூச்சுதான் அளவுகோல்: மார்பு விரியும்போது மூச்சை உள்ளே இழு, முன்னால் குனியும்போது வெளியே விடு. மூச்சு முரடாகிவிட்டால் எல்லை தாண்டிவிட்டோம் என்று அர்த்தம்.

* ஆசனம் ஆளுக்கேற்ப மாறும்: சக்ராசனம் முடியாதவருக்கு துவிபாத பீடம். மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, இடுப்பை மட்டும் தூக்கினால் போதும். அதே திசையில் ஒரு சின்ன வளைவு.

* மாற்று ஆசனம் கட்டாயம்: பின்னால் வளைந்தால் அதைச் சமன்செய்ய மென்மையான முன்வளைவு ஒன்று வேண்டும். முழங்கால்களை வயிற்றோடு அணைத்துப் படுப்பது நல்ல உதாரணம்.

* படிப்படியாக: நேராக உச்சிக்கு ஏறக் கூடாது. முதலில் தயாரிப்பு, பிறகு ஆசனம், கடைசியில் இறங்கும் வழியும் வகுத்திருக்க வேண்டும்.

மைசூருவில் ஆசனத்துக்கு ஏற்ப உடம்பு வளைந்தது. சென்னையில் உடம்புக்கு ஏற்ப ஆசனம் வளைந்தது.

நம்ம முதுகுக்கு இதில் என்ன இருக்கு?

தினமும் எட்டு ஒன்பது மணி நேரம் லேப்டாப் முன்னால் உட்காருகிறவர் நீங்கள் என்றால், நிறையவே இருக்கிறது. உட்கார்ந்தே இருப்பதால் இடுப்பின் முன்பக்கத் தசைகள் இறுகுகின்றன. தோள் முன்னால் கூன் விழுகிறது. மார்புப் பகுதி முதுகெலும்பில் 12 எலும்புகள் இருந்தாலும், விலா எலும்புகள் சேர்ந்திருப்பதால் அங்கே வளைவு குறைவு. இப்படி இடுப்பும் தோளும் மார்பும் ஒத்துழைக்காதபோது, வளைவு முழுவதும் கீழ் முதுகின் ஐந்து எலும்புகள் தலையில் விழுகிறது. மறுநாள் வலி வருவது இதனால்தான்.

அதனால் சக்ராசனத்துக்கு முன் சில வாரங்களாவது புஜங்காசனம், சலபாசனம், துவிபாத பீடம் என்று சின்ன வளைவுகளில் பழகுங்க. இடுப்பின் முன்பக்கத்தையும் தோளையும் முதலில் இளக்குங்க. டிஸ்க் பிரச்சினை, உயர் ரத்த அழுத்தம், கண் அழுத்த நோய் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் டாக்டரைக் கேட்காமல் இதில் இறங்க வேண்டாம். கால் மரத்துப்போனாலோ, வலி காலுக்கு இறங்கினாலோ உடனே நிறுத்துங்க. வீடியோ பார்த்துச் செய்வதைவிட, உங்கள் முதுகைப் பார்த்துச் சொல்லித்தரும் ஒருவரிடம் கற்பது எவ்வளவோ மேல்.

கடைசி ஆண்டுகள்

96 வயதில் கிருஷ்ணமாச்சார்யாவுக்கு இடுப்பு எலும்பு முறிந்தது. அறுவை சிகிச்சை வேண்டாம் என்றுவிட்டார். படுக்கையில் இருந்தபடியே செய்யக்கூடிய பயிற்சிகளைத் தனக்குத்தானே வகுத்துக்கொண்டார். ஒரு காலத்தில் மாணவனின் வளைந்த உடம்பின் மேல் ஏறி நின்றவர், இப்போது படுத்தபடி, மூச்சைக் கவனித்து, முடிந்த அளவு மட்டும் அசைத்தார். ஆளுக்கேற்ற யோகம் என்று 30 வருஷமாகச் சொல்லிக்கொடுத்ததைத் தன் உடம்புக்கும் செய்துகொண்டார்.

1988-ல் நூற்றாண்டு விழாவைப் பார்த்தார். 1989-ல் சென்னையில் காலமானார். வயது 100.

அவர் பெயரில் இன்று இரண்டு வகைப் பின்வளைவு உலகத்தில் இருக்கிறது: 1930-களின் மேடைக்கானது ஒன்று, சென்னையின் சின்ன அறைக்கானது இன்னொன்று. போனில் அதிகம் ஓடுவது முதல் வகை. பாயை விரிக்கும்போது பெரும்பாலானோருக்குத் தேவைப்படுவது இரண்டாவது.